தளர்வு விடாத கயிறு

இந்தத் துறைமுகத்திலும் முதலாளி அதே கதையைத்தான் சொன்னார். தன் பாய்மரப் படகின் மேல்தட்டில், கையில் கோப்பையோடு, கூடவே பயணம் வரும் பக்கத்துப் படகுக்காரர்களிடம். "இவ நம்மகிட்ட வேலை பாத்தவன் பொண்ணு. காலேஜ் முடிச்சிட்டா. அப்பன் குடிச்சிட்டுக் கயித்துல கைய விட்டான், மூணு விரல் போச்சு. நான் தூக்கி விடலன்னா இந்தக் குடும்பம் என்ன ஆயிருக்கும்?" எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அப்பா சோடாவைக்கூடக் காற்றுப் போன பிறகுதான் குடிப்பார். அன்று குடித்திருந்தது முதலாளி. அப்பா கையை எடுக்கும் முன்பே கயிறு சுற்றும் இயந்திரத்தை முடுக்கியதும் அவர்தான். விசாரணையில் அவர் சொன்னது ஒரே வார்த்தை, 'குடிச்சிருந்தான்'. அதோடு எந்தப் படகிலும் அப்பாவை ஏற்றவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய நாளிலும் 'குடிகாரன் மக தேறிட்டாளே' என்றுதான் தெருவில் பாராட்டினார்கள். கோடைக்குத் தீவுகளைச் சுற்றிவர ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பியபோது, "தன்மானம் இல்லையாடி உனக்கு?" என்றாள் அம்மா. இருந்ததால்தான் வந்தேன்.

அடுத்த தீவில் கடல் ஏற்றத்தில் தண்ணீர் நிரம்பி, கரைச்சுவரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஏறியிருக்கும்போது கட்டினால் கயிற்றில் ஒரு ஆள் நீளமாவது தளர்வு விட வேண்டும். நீர் வடியும்போது படகும் இறங்க வேண்டுமே. பக்கத்துப் படகுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக முதலாளி தானே கரைக்குக் குதித்து, இரண்டு கயிற்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டினார்.

"சார், கயிறு…" என்றேன்.

"உங்கப்பன் கத்துக்குடுத்த லட்சணம் போதும். போய்க் கிளாஸக் கழுவு."

சிரித்தார்கள். கழுவினேன். துடைத்தும் வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு முதலாளியும் அவர் மனைவியும் உள்ளே தூங்கப் போனார்கள். நான் காய் நறுக்கும் கத்தியோடு கரையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓசையில்லாமல் இறங்கியது. படகு இறங்கவில்லை. சுவர்ப்பக்கம் கயிற்றில் தொங்க, கடல்பக்கம் சரிந்தது. உள்ளே கண்ணாடிக் கோப்பைகள் உருண்டு நொறுங்கின. முதலாளி நாலு காலில் தவழ்ந்து மேலே வந்தார்.

"ஏய், கயித்த அவுத்து விடு."

"முடிச்சு இறுகிடுச்சு சார். வெட்டத்தான் முடியும்."

"அப்ப வெட்டித் தொலை."

கத்தியைக் கயிற்றின்மேல் வைத்தேன். வெட்டவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் தட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு யாரு குடிச்சிருந்தது? அவங்க காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு வேற வேலை இல்ல சார். கழுவ வேண்டிய கிளாஸெல்லாம் உடைஞ்சு போச்சு."

பின்னாலேயே ஏறி வந்த அவர் மனைவி கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "சொல்லித் தொலைங்களேன். எனக்குத் தெரியாததா?"

முதலாளி பக்கத்துப் படகைப் பார்த்தார். என் கத்தியைப் பார்த்தார். கயிற்றைத் தாங்கிய இரும்புக்கொம்பு தட்டிலிருந்து பெயர ஆரம்பித்து முனகியது. விறைத்த புரிகளிலிருந்து தண்ணீர் பிழிந்து பிழிந்து சொட்ட, கயிறு என் கண்ணெதிரே மெலிந்துகொண்டே போனது.