மழைக்கு மட்கார்டு கழற்றியவர்கள்

"சார், இந்த மட்கார்டை மாட்டுங்க. மாட்டிட்டு முன்னால வாங்க. காத்துக்கு இது உங்க முறை."

பெட்ரோல் பங்கின் தகரக் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற சைக்கிள் கிளப் மொத்தமும் அதைச் சொன்ன பெண்ணின் பக்கம் திரும்பியது. வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் அதைக் கடிக்க மறந்தார். வக்கீல் தன் ஷூவுக்குள் தேங்கிய தண்ணீரை அதிசயம்போல் பார்க்க ஆரம்பித்தார். மேனேஜரின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவே கூடாதென்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்.

"எது வேணா கேளு. லீவு கேளு, சம்பள உயர்வுகூட கேட்டுப் பாரு. அவரை முன்னால வாங்கன்னு மட்டும் கேட்டுடாத" என்று கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். குடும்பத்தில் யாருக்கோ இருக்கும் வியாதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவர் என்றால் முதலாளி. குழாய் கம்பெனிக்கு முதலாளி, சைக்கிள் கிளப்புக்குத் தலைவர். மேனேஜர் கம்பெனியில் பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பு, கிளப்பில் செயலாளர். அவள் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் குழாய்க்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி, எந்த அழுத்தத்தில் வெடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவள். வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை முதலாளி இன்று மதியம், சைக்கிள் பயணம் முடிந்து சாப்பிடும்போது சொல்வார். முக்கியமான முடிவுகளை அவர் அப்படித்தான் சொல்வார், வியர்வையும் கைதட்டலும் இருக்கிற இடத்தில். வியர்வை மற்றவர்களுடையது.

காற்றடிக்கிற ரோட்டில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள நியாயம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் போகிறவர் காற்றை முழுசாக வாங்குவார். பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்து, பிறகு விலகிப் பின்னால் போக வேண்டும். சின்னப் பிள்ளைகூட புரிந்துகொள்ளும்.

மழைக்கென்று இன்னொரு விதி உண்டு. மட்கார்டு இல்லாத சைக்கிள் ரோட்டுச் சேற்றை வாரிப் பின்னால் வருகிறவர் மூஞ்சியில் இறைக்கும். ஆகவே மட்கார்டு இல்லாதவர்கள், மட்கார்டு உள்ளவர்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும். மரியாதைக்காகப் போட்ட விதி. அந்த மரியாதைக்குள் ஒளிந்திருந்த சௌகரியத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் முதலாளி. மழைக்காலம் தொடங்கிய வாரமே தன் சைக்கிளின் மட்கார்டுகளைக் கழற்றிவிட்டார்.

"என்னால யாருக்கும் சிரமம் வேணாம்ப்பா. நான் பின்னாலயே வர்றேன்" என்றார். கூட்டம் உருகிப் போயிற்று. எவ்வளவு பெரிய மனசு என்று மேனேஜர் கண்ணைத் துடைக்காத குறை.

அடுத்த வாரம் பல் டாக்டர் கழற்றினார். அப்புறம் வக்கீல். அப்புறம் மேனேஜர். மழை வந்தால் மட்கார்டு மாட்டுகிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. மழை வந்தால் கழற்றுகிற ஜனம் இது ஒன்றாகத்தான் இருக்கும். முதலாளி இறைத்த சேறு பல் டாக்டர் மூஞ்சியில், பல் டாக்டர் இறைத்தது வக்கீல் மூஞ்சியில், இப்படியே வாலின் நுனிவரை. எல்லோரும் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்கள். காற்று படாமலிருக்கச் சேறு தின்னத் தயாராக இருந்தார்கள்.

கடைசியில் மட்கார்டோடு மிஞ்சியது மூன்று பேர். அவள், கிளப்புக்குச் சட்டை தைக்கிற தையல்காரர், பேக்கரிக்காரர். இந்த மூவர்தான் மாற்றி மாற்றி மொத்தக் கூட்டத்தையும் இழுத்தார்கள். அதற்குக் கூலியாக அவளுக்கு ஒரு பட்டம் கிடைத்தது. எஞ்சின். "எஞ்சின் வந்தாச்சா? அப்ப கிளம்பலாம்" என்பார்கள். புகழ்ச்சியாம்.

இன்று முதலாளியிடம் நீட்டிய மட்கார்டு ஜோடியை அவள் தனியாக வாங்கி ரொம்ப நாளாயிற்று. எந்தச் சைக்கிளிலும் சட்டென்று கவ்விக்கொள்கிற பிளாஸ்டிக் ரகம். வாங்கியதிலிருந்து பைக்குள்ளேயே கிடந்தது. இன்று காலையில் அவள் கிளம்பும்போது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்த அக்கா, பையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாள் வாயைத் தைச்சுக்கோ. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் நீ யாரை வேணா கிழி." அந்த இரவு வேலையில்தான் இவளுடைய நாலு வருஷப் படிப்பு நடந்தது. இவள் வேலை நிரந்தரமானால் அக்கா இரவு வேலையை விடுவதாகப் பேச்சு.

அவளும் தைத்துக்கொண்டுதான் வந்தாள். பெட்ரோல் பங்க்வரை. அங்கே தையல்காரர் சைக்கிளை விட்டு இறங்க முடியாமல், கால் மரத்துப்போய், சைக்கிளோடு தூணில் சாய்ந்து நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. மறைப்பிலேயே வந்து தலைமுடிகூடக் கலையாத முதலாளி அவரைத் தாண்டிப் போகும்போது சொன்னார்:

"என்னப்பா, இன்னிக்கு வேகம் கம்மியா இருக்கு. எஞ்சினுக்கு என்ன ஆச்சு?"

அதற்கப்புறம்தான் அவள் பையைத் திறந்தாள்.

முதலாளி மட்கார்டுகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்குச் சிரிப்பு நன்றாக வரும். சம்பளத்தைப் பிடிக்கும்போதுகூட அதே சிரிப்புதான்.

"பாத்தீங்களா, பொண்ணுக்கு என் மேல எவ்வளவு அக்கறை. சேறு படக்கூடாதுன்னு வாங்கிட்டு வந்திருக்கு."

"உங்க மேல படாம இல்ல சார். உங்களால மத்தவங்க மேல படாம. இப்ப நீங்க பின்னால வர்றதுக்குக் காரணம் இல்லைல்ல."

தையல்காரர் பல் கிட்டிப் போன வாயோடு குறுக்கே வந்தார். "விடும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இழுக்குறேன்."

"நீங்க பேசாதீங்க அண்ணே. உங்களால காலைத் தூக்கிப் போட முடியல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளிக்கு வேறு வழியில்லை. "மாட்டுப்பா" என்றார். மேனேஜர் ஈரத்தரையில் மண்டியிட்டு மாட்டினார். மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மண்டியிட்டே இருந்தார். பழக்கம்.

முதலாளி முன்னால் போனார். "சாருக்குப் பின்னால நான் இருக்கேன்" என்று தையல்காரர் அடம்பிடித்து இரண்டாவதாக ஒட்டிக்கொண்டார். மூன்றாவது அவள். காற்று எதிர்த்திசையில் சுவர்போல் நின்றது. மழை ஊசி ஊசியாகக் குத்தியது. முதலாளி முதல் வளைவுவரை பந்தயக் குதிரை மாதிரி பறந்தார். பின்னாலிருந்து "சூப்பர் சார்" என்றார் பல் டாக்டர். அடுத்த வளைவில் குதிரைக்கு வாயில் நுரை தள்ளியது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. சைக்கிள் அங்கும் இங்கும் அலைந்தது.

முன்னால் போகிறவருக்குக் காற்றை வாங்குவதோடு இன்னொரு வேலையும் உண்டு. குழியைக் கண்டால் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும், "குழி" என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னே போகிற முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அந்த முதுகை நம்பித்தான் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்கள். முதலாளி இத்தனை வருஷமும் யாரோ காட்டிய குழிகளைத் தாண்டி வந்தவர். காட்டவேண்டும் என்பது அவர் புத்தியிலேயே இல்லை.

தண்ணீர் நிரம்பிய குழி. முதலாளி அதைப் பார்த்தார். பார்த்ததை அவளும் பார்த்தாள், ஏனென்றால் அவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பி, சைக்கிள் வெட்டி ஒதுங்கியது. அழகாக ஒதுங்கினார். கை அசையவில்லை. வாய் திறக்கவில்லை.

தையல்காரரின் முன்சக்கரம் நேராக உள்ளே போனது. ஆள் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து வலது தோளில் விழுந்தார். காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அந்த மழையிலும் கேட்டது.

முதலாளி கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றார். திரும்பிப் பார்த்து, "யாருப்பா அது?" என்றார்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். தையல்காரர் சேற்றில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, நடந்து வந்துகொண்டிருந்த முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"என் தப்புதான் சார். ரொம்ப ஒட்டி வந்துட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஒட்டி வரவில்லை. இடையில் ஒரு சைக்கிள் நீளம் இருந்தது, பின்னாலேயே வந்த அவளுக்குத் தெரியும். அடிபட்டுக் கிடக்கிறவன் மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது. யார்மேல் அதிகம் வெறுப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டது நானாயிற்றே, நான் கேட்காமல் இருந்திருந்தால் இவர் விழுந்திருக்க மாட்டாரே என்றும் ஒரு நினைப்பு முள்ளாகக் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போவதில்லை என்பது அந்தச் சேற்றிலேயே முடிவாகிவிட்டது.

சாமான்களோடு பின்னால் வந்த வேனில் தையல்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். மற்றவர்கள் மரத்தடியில் நின்று, 'யார் இந்தப் பொண்ணை இதெல்லாம் கேட்கச் சொன்னது' என்று அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். அவள் தள்ளிப்போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகமாட்டேன்."

அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெருமூச்சு. "வாயைத் தைச்சுக்கோன்னு சொன்னேன்ல?"

"தைக்கிறவருக்கே தோள் உடைஞ்சு போச்சு அக்கா."

நடந்ததைச் சொன்னாள். அக்கா முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி. நைட் டூட்டியை விடறேன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மிச்ச தூரத்துக்கு முன்னால் வரமுடியாதென்று முதலாளி சொல்லிவிட்டார். மனசு சரியில்லையாம். மட்கார்டு மாட்டிய சைக்கிளோடு நடுவில் போய்ப் பத்திரமாகப் பதுங்கிக்கொண்டார். பேக்கரிக்காரர் கொஞ்ச தூரம் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்து போனார். "எஞ்சின், முன்னால வா" என்று கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. கூட்டத்துக்கு வெகு பின்னால், யாருக்கும் மறைப்பாக இல்லாமல், யார் மறைப்பிலும் இல்லாமல், தன் பங்குக் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு மிதித்தாள். கடைசியில் மட்கார்டு இல்லாத பல் டாக்டரே முன்னால் போக வேண்டியதாயிற்று. சேறு பின்வரிசைவரை பாகுபாடில்லாமல் பறந்தது. விதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்த கூடத்தில் ஈரச் சாக்ஸ் நாற்றமும் சூப் வாசனையும் கலந்து அடித்தன. தையல்காரரும் வந்துவிட்டார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிவு என்று சொல்லிக் கட்டுப்போட்டிருந்தார்கள். வலது கை நெஞ்சோடு சேர்ந்திருந்தது. இனி அந்தக் கை எப்போது கத்தரிக்கோல் பிடிக்குமோ. இடது கையால் சூப் குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு அடிச்ச காத்து இருக்கே, என் அனுபவத்துல பார்த்ததில்ல. முன்னால நின்னு வாங்கினவனுக்குத்தான் தெரியும்" என்றார். கைதட்டினார்கள். தையல்காரருக்குத் தட்டக் கையில்லை. இருந்த ஒரு கையால் தொடையைத் தட்டினார்.

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்ல செய்தி சொல்லட்டுமா? சார் உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டார். பெரிய மனசும்மா அவருக்கு. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. மைக்ல போயி, நான் சாரை முன்னால வரச் சொன்னது தப்பு, அண்ணன் ரொம்ப ஒட்டி வந்ததால விழுந்துட்டாருன்னு சொல்லிடு. அவரே அப்படித்தான் சொல்றாரு. உனக்கு என்ன போச்சு?"

அவள் எழுந்து போய் மைக்கை வாங்கினாள். மேனேஜர் நிம்மதியாகச் சூப்பை உறிஞ்சினார்.

"அண்ணன் ஒட்டி வரல. தலைவர் குழியைப் பார்த்தார், கை காட்டல. அதனால விழுந்தார். சார், திங்கட்கிழமையிலேருந்து நான் வேலைக்கு வரல."

"அய்யோ, இல்லம்மா" என்று தையல்காரர் பதறி எழுந்தார். "சார், பொண்ணு தெரியாம பேசுது. என் தப்புதான் சார்."

முதலாளியின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. எடுத்து வைக்க இடம் தெரியவில்லைபோல. அவள் மைக்கை மேசைமேல் வைத்தாள். தையல்காரரைக் கடக்கும்போது சாய்ந்து கிடந்த அவருடைய சூப்புக் கிண்ணத்தை நிமிர்த்தி இடது கைப்பக்கமாக வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே சைக்கிள்கள் சுவரோரம் நனைந்துகொண்டிருந்தன. முதலாளியின் சைக்கிளிலிருந்து தன் மட்கார்டுகளைப் பிடுங்கிச் சேற்றை உதறிப் பைக்குள் போட்டாள்.

மேனேஜர் வாயோரத்தைத் துடைத்தபடி வாசல்வரை ஓடி வந்தார். "எங்க போற? எல்லாரையும் ஏத்திட்டுப் போற வண்டி சாயங்காலம்தான் கிளம்பும்."

"நான் சைக்கிள்ல வந்தேன் சார்" என்றாள் அவள், சைக்கிளை மழைக்குள் தள்ளிக்கொண்டே.