வலது பக்கத்து ஹோஸ்

லிந்துலைக்கு மேலே ஐம்பது ஏக்கர் தேயிலையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு ஹோட்டல் கம்பெனி அங்கே கோல்ஃப் மைதானம் அமைத்தது. தேயிலைக்குள் ஒரு சாண் புல் நின்றாலும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வாய்க்கு வந்தபடி ஏசிய அதே மலையில், இப்போது புல்லுக்குச் சேவகம் செய்ய இருபது பேர். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியவில்லை.

சூசைரட்ணம் அந்த இருபது பேரில் ஒருவர். ஆபீஸ் பதிவில் அவர் ‘புல் வெட்டும் தொழிலாளி’. ஆனால் பதினொரு வருடமாக அங்குள்ள மெசின்கள் எல்லாம் அவர் புண்ணியத்தில்தான் ஓடின. அதற்கு முன்னால் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே எல்லாவற்றுக்கும் கைதான். கொழுந்து வாடியது போதுமா என்று அள்ளிப் பிசைந்து பார்ப்பார்கள். பேரிங் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூசைரட்ணம் எந்தக் கோர்ஸும் படித்ததில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் அந்த வலது கை ஒன்றுதான். அது போனால் சோறும் போச்சு என்று அவரே சொல்லுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை, மைதானத்து ஓரங்களில் வளரும் உயரப் புல்லை வெட்டுகிற பெரிய மெசினை, அதன் டிரைவர் அழகன் ஓட்டிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் நிறுத்தினான்.

“அண்ணே, வலது பக்கத்து வெட்டுத் தட்டு தூக்க மாட்டேங்குது. மேட்டுல ஏறுறப்ப தானா எறங்கிருது.”

பின்னாலேயே மேனேஜர் நிரஞ்சன் வந்தார். கொழும்புக்காரர். தமிழர்தான், ஆனால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் காலெடுத்து வைக்காதவர். “சனிக்கிழமை போட்டி. வெளிநாட்டு ஆக்கள் வாறாங்க. நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது சூசை, இன்னைக்கு இது ஓடணும்.”

சூசைரட்ணம் அவசரப்படவில்லை. முதலில் ஒயில் பார்த்தார். நேற்று ஊற்றியதில் அரைப் போத்தல் குறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தட்டைத் தூக்குகிற சிலிண்டர் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினார். கோளாறு வலது பக்கத்திலேயே நின்றது. ஆகவே சிலிண்டரில் குற்றமில்லை. பிறகு இடது பக்கத்துக்கு ஒயில் அனுப்புகிற வால்வில் வலது ஹோஸை மாட்டிப் பார்த்தார். அப்போதும் அதே கதை. வால்விலும் குற்றமில்லை. மிஞ்சியது இரண்டுக்கும் நடுவில் ஒயிலைக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் மட்டும்தான். படித்த என்ஜினியர் வந்திருந்தால் பம்ப்பை மாற்றச் சொல்லி ஒரு மாதம் காக்க வைத்திருப்பான்.

ஹோஸ் முழுக்க ஈரப் புல்தூள் அப்பியிருந்தது. எங்கே ஓட்டை என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

“அழகா, ஸ்டார்ட் பண்ணு. தட்டைத் தூக்குற லீவரை அப்படியே புடிச்சிக்க.”

மெசினின் விலாவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. ஒரு கை, அதன் மேல் பீச்சுகிற ஒரு கோடு, கீழே நாலு வரி இங்கிலீசு. சுடும், கையை வைக்காதே என்று சொல்கிறார்கள் என அவர் நினைத்திருந்தார். அந்த நாலு வரியை வாசித்துச் சொல்ல பதினொரு வருடத்தில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவர் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனார். நடுப்பக்கம் வந்ததும் ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

“ஆம்புட்டுக்கிச்சு!” என்று கத்தினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் மனுஷன். விரலில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. இரத்தம்கூட வரவில்லை. அட்டை கடித்தும் தேயிலைச் செடியின் வாது கிழித்தும் வளர்ந்த கைக்கு இது ஒரு காயமா? மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, தலவாக்கலையில் புது ஹோஸ் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மத்தியானம் ஹோஸைப் பூட்டும்போது விரல் மரத்திருந்தது. மூன்று மணிக்குக் கை வீங்கியது.

“சேர், கை ஒரு மாதிரியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரவா?”

“மேட்டுப் பக்கம் வெட்டி முடியட்டும். மெசின் திரும்பவும் நின்னா யாரைத் தேடுறது?” என்றார் நிரஞ்சன்.

வெட்டி முடிய ஐந்தரை ஆயிற்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஏதோ குத்திவிட்டது என்று சிங்களத்திலேயே சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய சனம். ஒயில் என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

விடிந்தபோது விரல் கறுத்திருந்தது. மனைவி மரியநாயகி ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு சின்ன வயசு டொக்டர் பிள்ளை கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒயிலா? எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். நேற்றுக் காலை பத்து மணிக்கு என்றதும் அவள் முகம் மாறியது. அழுத்தத்தில் பீச்சும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய், நரம்போடு சேர்ந்து பரவிச் சதையைக் கொன்றுவிடும் என்றாள். நேற்றே திறந்து கழுவியிருந்தால் கை மிஞ்சியிருக்கும். யாரிடம் போய் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுவது?

இரண்டு விரல்களையும் உள்ளங்கையில் ஒரு பாதியையும் எடுத்தார்கள். சனிக்கிழமை போட்டி நன்றாக நடந்தது.

மூன்று வாரம் கழித்து நிரஞ்சன் முதல் தடவையாக லயத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். கம்பெனியிலிருந்து வருவதெல்லாம் இங்கிலீசில்தான் வரும். இதை மட்டும் தமிழில் எழுத ஆள் கிடைத்திருக்கிறது. புல் வெட்டும் தொழிலாளியான தனக்கு மெசின்களைத் தொட அனுமதியில்லை என்றும், தன்னிச்சையாகத் தொட்டதால் விபத்து நேர்ந்தது என்றும் சூசைரட்ணம் ஒப்புக்கொள்கிறாராம்.

“ஒப்பம் வச்சா மைதானத்துக் கேட்டுல வாச்சர் வேலை தருவாங்க. நான் பேசிட்டன்” என்றார் நிரஞ்சன்.

“வச்சிருங்களேன். வேற என்னத்த செய்யப் போறீங்க?” என்று மரியநாயகி மெதுவாகச் சொன்னாள்.

சூசைரட்ணம் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது நிரஞ்சனின் போன் அடித்தது. அழகனின் குரல் வெளியிலும் கேட்டது. “சேர், இப்ப இடது பக்கத்துத் தட்டு எறங்கிருது. ஒயிலும் கொறையுது. எங்க போவுதுன்னு தெரியல.”

நிரஞ்சன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “ஸ்டார்ட்ல வச்சுக்கொண்டு ஹோஸைத் தடவிப் பாரும். எங்கயாவது ஈரமா இருக்கும்.”

சூசைரட்ணம் துள்ளி எழுந்தார். இடது கையால் போனைப் பிடுங்கினார்.

“அழகா! நிப்பாட்டுடா இஞ்சின! கைய வைக்காத! எவன் சொன்னாலும் வைக்காத! சாவியக் கழட்டிக்கிட்டு எறங்கிப் போயிரு!”

“சரிண்ணே” என்றான் அழகன்.

நிரஞ்சனின் முகம் சிறுத்துவிட்டது. “அப்ப எப்படித்தான் பார்க்கிறது? நீங்களே சொல்லுங்க சூசை.”

ஒரு பழைய அட்டைப் பெட்டியின் துண்டு போதும். தள்ளி நின்று ஹோஸோரம் அதைக் கொண்டுபோனால், ஓட்டை இருக்கிற இடத்தில் ஒயில் கோடு விழும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அவர் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

போனையும் ஒப்பம் வைக்காத கடிதத்தையும் சேர்த்து நிரஞ்சனின் கையில் கொடுத்தார்.

“நான் புல்லு வெட்டுறவன் சேர். மெசினப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

நிரஞ்சன் படி இறங்கிப் போனார்.

“அப்ப வாச்சர் வேலையும் போச்சா?” என்று மரியநாயகி கேட்டாள்.

“போச்சு” என்றார். சொன்ன பிறகுதான் கை வலிக்கத் தொடங்கியது. வெட்டி எடுத்த விரல் இரண்டும்தான் முதலில் வலித்தன.