நாசர் கொல்லையில் மருந்தடித்த காலை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் சித்தி மகள் ஸ்வர்ணலதா சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் சொன்னது. சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"நீதான் கதையெல்லாம் எழுதுறியேண்ணா. நிலோஃபர் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

(ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கடலூருக்குத் தெற்கே, குடிகாடு தாண்டி எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'மரவள்ளிக் கொல்லையில் காலை வெயில் தங்கமாக—'

வேண்டாம். அங்கே எதுவும் தங்கமாக இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய மாவுப்பூச்சி குருத்துகளையெல்லாம் சுருட்டி வைத்திருந்தது. மேலே மெழுகு போர்த்திய பூச்சி. மருந்தடித்தாலும் பாதி பிழைத்துக்கொள்ளும்.

ஸ்வர்ணா ஒட்டுண்ணிக் குளவிகளை வாங்கி வந்து தன் கொல்லையில் விட்டாள். எறும்பைவிடச் சிறியவை. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு அதை உள்ளிருந்தே தின்று, குளவியாகி வெளியே வரும்.

(இதைக் குற்ற உணர்ச்சிக்கு உவமையாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இதில் ஒருவன் நிஜமாகவே செத்திருக்கிறான்.)

3

அவன் நாசர். பக்கத்துக் கொல்லைக்காரன். சவூதியிலிருந்து திரும்பி வந்து, மனைவி நிலோஃபரும் அவனுமாக மரவள்ளி போட்டிருந்தார்கள்.

"மருந்து மட்டும் அடிச்சிடாத தம்பி. குளவி செத்துப்போயிடும். கொஞ்சம் பொறுத்துக்க, ஒன் கொல்லைக்கும் அதுவே வரும்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரி."

அவனை அவசரக்காரனாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவன் பொறுத்துத்தான் பார்த்தான். குளவி பெருக நாளாகும். அதற்குள் அவன் கொல்லை முழுக்க வெளுத்துவிட்டது.

4

ஒரு காலை ஸ்வர்ணா வரப்பில் வந்து நின்றபோது, நாசர் முதுகில் ஸ்பிரேயரோடு எதிர்க்காற்றில் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் துணி கூடக் கட்டவில்லை.

"அடப்பாவி! சரின்னு தலையாட்டிட்டு இப்ப என்னடா பண்ற?"

"என் கொல்லையில தானக்கா அடிக்கிறேன்."

"காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு தெரியல? என் குளவியெல்லாம் போச்சேடா!"

அவன் குழாயைக் கீழே போட்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, கண்ணு மங்குது. ஒரு மாதிரியா வருதுக்கா."

"நடிக்காத," என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணா வீட்டுக்குப் போய்விட்டாள்.

(இங்கே அவளை ஒருமுறை திரும்பிப் பார்க்க வைத்தேன். 'அவள் திரும்பி, ஓடிவந்து அவனை—' இல்லை. அவள் திரும்பவில்லை. நான் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் இல்லை என்றாள்.)

5

மதியம் ஆடு மேய்க்க வந்த ராசம்மாள்தான் அவனைப் பார்த்தாள். வாயில் நுரை தள்ளியிருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் திறக்காமலே போய்விட்டான். முன்னமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஸ்வர்ணா எந்த டாக்டரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

குளவிகள் அடியோடு அழியவில்லை. செத்த மாவுப்பூச்சிகளின் கூட்டுக்குள் இன்னும் புழுவாக இருந்தவை பிழைத்தன. மெல்லப் பெருகி, அவள் சொன்னபடியே அவன் கொல்லைக்கும் போயின. நாசரின் மரவள்ளி துளிர்த்துவிட்டது.

6

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து நிலோஃபர் கொல்லைக்கு வந்தாள். ஸ்வர்ணா தனியாக நிற்கப் பயந்து என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நிலோஃபர் ஒரு குருத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"பச்சையா இருக்கேக்கா. அவுங்க அடிச்ச மருந்து கேட்டுடுச்சுல்ல?"

ஸ்வர்ணா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா, கேட்டுடுச்சு," என்றாள்.

நிலோஃபர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க இந்தப் பக்கம் வந்தீங்கன்னு சொன்னாங்க. அவுங்க எதாவது சொன்னாங்களாக்கா?"

இதற்கு மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்று நிலோஃபரைக் கொன்றது. இன்னொன்று ஸ்வர்ணாவைக் கொன்றது. மூன்றாவது நன்றாக வந்திருந்தது, அதனாலேயே கிழித்தேன்.

ஸ்வர்ணா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். எழுதமாட்டேன். இப்போது நான் வரப்பைவிட்டு இறங்கிக்கொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். இல்லை, அவள் இடத்தில். நிலோஃபர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.