நடுவில் நிற்கிற ஆள்

சனிக்கிழமை பின்னேரம் கழகக் கொட்டிலில் இருந்தவர்கள்: கழகத் தலைவர் சந்தியோகு அம்மான், அணியின் கப்டனான என் அண்ணன் சிமியோன், அவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஐந்து பேர், அதில் ஒருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அடைக்கலநாதன், பிறகு நான். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் இறுதி ஆட்டம், சுன்னாகத்துக்கு அங்கால் வெங்காயம் செய்கிற பெடியளின் அணியோடு. அம்மான் பதினொரு பெயரையும் கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நடுவில், எப்போதும் போல, சிமியோன்.

எங்கள் அணியில் ஆள் தெரிவுசெய்கிற விதத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவர்தான் களத்திலும் நடுவில் நிற்பார். அவரோடு வலை இழுக்கிறவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். வேறு வள்ளத்துக்காரன் எவ்வளவு நன்றாக அடித்தாலும் மிச்சமிருக்கிற இடத்தில்தான் நிற்கவேண்டும். கேட்டால், ஒரு வள்ளத்தில் போகிறவர்கள் ஒருவனை ஒருவன் அறிவார்கள் என்பார் அம்மான். அறிவார்கள்தான். கேடே அதுதான். கடலில் சுக்கான்காரர் சொல்லாமல் ஒருவனும் கயிற்றைத் தொடமாட்டான். அதே ஆட்கள் களத்தில் இறங்கினால், பந்து காலில் பட்டதும் தலை தன்பாட்டில் நடுப்பக்கம் திரும்பும். முன்னால் வெறும் வெளி கிடந்தாலும் பந்தை சிமியோனிடம் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல ஆட்டக்காரராக இருந்தவர். இப்போது திரும்புவதற்கே நேரம் எடுக்கும். அதைவிட, நேவிக்காரர் கடலை மறித்து வள்ளம் கரையில் ஏறி நாலு மாதம். வள்ளம் ஓடவில்லை, ஆனால் சுக்கான்காரரின் இடம் மட்டும் களத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தது.

"அரையிறுதி பாத்தனான்," என்றேன். "முதல் பாதியிலை எங்கடை காலுக்கு வந்த பந்திலை பாதிக்கு மேலை அண்ணையிட்டைத்தான் போனது. நாளைக்கு உவங்கள் ஒருத்தனை அண்ணையோடை ஒட்டி விட்டாங்கள் எண்டால் எங்கடை ஆட்டம் அவ்வளவுதான். அண்ணை பின்னுக்கு, வலதுபக்கம் நிக்கட்டும். நடுவிலை அடைக்கலத்தைப் போடுங்கோ. அவன் ஓடுவான், நிமிந்தும் பாப்பான்."

"பாண் போடுறவர் பந்துக்கும் மா குழைக்கிறார்," என்றான் வள்ளத்துக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு பேக்கரியில் இரவு வேலை, பாண் வேகிற போறணையடியில் நிற்கிறவன்.

"நீ எந்தப் படிப்பை முடிச்சனி, எங்களுக்குப் படிப்பிக்க?" என்றார் அம்மான்.

"படிப்பை விட்டால் கண்ணும் தெரியாதோ அம்மான்?"

"வாயைப் பார் உவன்ரை."

நான் அடைக்கலநாதனிடம் திரும்பினேன். "நீ சொல்லு. நடுவிலை நிக்க உன்னாலை ஏலாதோ?"

அவன் கால்விரலால் மணலைக் கிளறினான். "சிமியோன் அண்ணை நிக்கேக்கை நான் நடுவிலை நிக்கிறதோ? விசர்க்கதை கதையாதை மச்சான்."

ஏலாது என்று அவன் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏலும் என்று அவனுக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தோற்பதற்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கதைச்சு முடிஞ்சுதெண்டால் போய்க் கொஞ்சம் படு. இரவைக்கு வேலையெல்லே."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது. தோட்டக்காரரின் அணியில் அருளம்பலம் என்று ஒரு நெடுவல். அவன் பந்தைத் தேடவே இல்லை. முதல் நிமிடத்திலிருந்து அண்ணனின் முதுகோடு நின்றான். எங்கள் ஆட்கள் பந்தை எடுத்தார்கள், தலையைத் திருப்பினார்கள், அண்ணனுக்குக் கொடுத்தார்கள், அருளம்பலம் பறித்தான். ஐந்து முறை, பத்து முறை. இருபதாவது நிமிடத்தில் அப்படிப் பறித்த பந்துதான் கோலுக்குள் போனது.

இரண்டாம் பாதி நடுவில் அண்ணனுக்குக் காலில் நரம்பு இழுத்தது. தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே இருத்தினார்கள். எங்களுக்குப் பத்துப் பேர். அருளம்பலத்துக்கு ஒட்டிக்கொண்டு நிற்க ஆள் இல்லை. அடைக்கலநாதன் பந்தை எடுத்தான், பழக்கத்தில் நடுவைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் ஓடினான். அப்படியே நாலு பேரைத் தாண்டி ஓடினான். பந்து வலையில் போய் விழுந்தபோது அவனே நம்பவில்லை.

அடுத்த பத்து நிமிடமும் எங்கள் ஆட்கள் ஆடியதுதான் பந்தாட்டம். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சனம் கத்தியது. அப்போது அண்ணன் எழும்பி, காலை உதறிவிட்டு, உள்ளே வர மத்தியஸ்தரிடம் கை காட்டினார்.

"அண்ணை, உள்ளுக்கை போகாதேங்கோ!" என்று கத்தினேன். "நீங்கள் வெளியிலை நிண்டால்தான் வெல்லுவம்!"

கோட்டோரம் நின்ற அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். அண்ணனுக்குக் கேட்டது, காது சிவந்தது. நொண்டிக்கொண்டு நேரே நடுவுக்குப் போய் நின்றார். அருளம்பலம் மறுபடி முதுகோடு வந்து ஒட்டினான். அடைக்கலநாதன் அடுத்த பந்தை எடுத்தான், தலையைத் திருப்பினான், அண்ணனுக்குக் கொடுத்தான். அருளம்பலம் பறித்தான், அது இரண்டாவது கோலாய்ப் போனது. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

அம்மா செத்ததிலிருந்து நான் இருப்பது அண்ணன் வீட்டில். ஏழு மணிபோல வேலைக்கு வெளிக்கிட்டேன். அண்ணன் முன்னறையில் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அண்ணி கத்தரீனா குசினி வாசலில் என்னை மறித்து மெல்லச் சொன்னா: "தம்பி, மனிசன் வந்ததிலையிருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை. ஏதும் ஆறுதலாச் சொல்லிப்போட்டுப் போவன்."

அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தேடுவதற்குள் அவரே கேட்டார்.

"நான் வெளியிலை இருக்கேக்கைதானே அடிச்சவங்கள்?"

"ஓம்."

"காத்து எங்கடை பக்கம் அடிச்சது."

"காத்து முழு நேரமும் ஒரே பக்கந்தான் அடிச்சது அண்ணை."

எண்ணெய்ப் போத்தலை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி மூடினார். "நான் உள்ளுக்கை வராட்டிலும் அந்த ரெண்டாவது கோல் விழுந்திருக்கும். அப்பிடித்தானே?"

அண்ணி எனக்குப் பின்னால் நின்றா. ஒரு ஓம் போதும் என்று தெரியும். பத்துப் பேர் அந்த ஓமைச் சொல்லிச் சொல்லித்தான் இன்றைக்கு வெறுங்கையோடு வந்தார்கள்.

"விழுந்திருக்காது," என்றேன்.

அவர் எழும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கொடியில் கிடந்த என் மற்றச் சேட்டையும் சாரத்தையும் எடுத்து மடித்து என் கையில் தந்தார். சேட்டின் கொலரைக்கூட நீவிவிட்டார்.

"என்னப்பா இது? அவன் விடியப் படுக்க எங்கை போவான்?" என்றா அண்ணி.

"பேக்கரியிலை படுக்கட்டும். அங்கை அவன் சொல்லுறபடி எல்லாரும் நிப்பாங்கள்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு படியால் இறங்கினேன். பின்னால் கதவு சாத்துப்பட்டது. பிறகு பூட்டுக்குள் திறப்பு சுழன்றது, இரண்டு தரம்.