பதில் ஹாரன்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையை எஞ்சினின் விலாவில் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, கம்பவுண்டர் கண்களை மூடினார். அவர் கண்களை மூடினால் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வது வழக்கம். பழைய வண்டிகள் விற்கும் அந்தக் கொட்டகையிலும் அப்படியே நடந்தது, நடந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரும்பு வழியே ஏறிவந்து மண்டைக்குள் தெளிவாகப் பேசின. மூன்றாவது மட்டும் லேசாக இருமியது. இன்ஜெக்டர், அரைநாள் வேலை. பதினொரு வருடம் ஓடிய டீசல் பிக்கப்புக்கு அது ஒரு நோயே அல்ல.

ஜெனரேட்டர்களையும் தண்ணீர் பம்புகளையும் பழுதுபார்ப்பது அவர் தொழில். கம்பியைக் காதில் வைத்து நோய் கண்டுபிடிப்பதால் முதலில் டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். டாக்டர் என்றால் ஃபீஸும் அதற்கேற்ப இருக்குமோ என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் கம்பவுண்டராகப் பதவி இறக்கிவிட்டார்கள். இருபத்தெட்டு வருடங்களாக அந்தப் பதவியில் நீடிக்கிறார்.

கடந்த ஒன்றரை வருடமாக, இரும்பு வழியே வருவதைத் தவிர வேறு எதுவும் அவருக்கு ஒழுங்காகக் கேட்பதில்லை. இது யாருக்கும் தெரியாது. காற்று வழியே வருபவை முதலில் தூரம் போயின. பிறகு கம்பளி போர்த்திக்கொண்டன. பிறகு சில வராமலே நின்றுவிட்டன. பக்கத்தில் நின்று முகத்துக்கு நேரே பேசினால் பாதி காதுக்கும் பாதி கண்ணுக்கும் கிடைத்துவிடும். “இந்த வயசுல என்ன புதுசா என் மூஞ்சியவே பாத்துப் பேசுறீங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. அதைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. தொழிலில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. எஞ்சினுக்கும் எலும்புக்கும் நடுவே கம்பி இருக்கும்வரை அவரைவிடக் கூர்மையான காது அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் சாலைக்கு ஸ்க்ரூடிரைவர் வைக்க முடியாது.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் மனைவி எக்ஸ்ரே எடுக்கிறாள். தன் பழைய வேனில் அவளைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு. மலைப்பாதையில் பதினொரு வளைவுகள். ஏழாவது வளைவு பாறையைக் குடைந்து போட்டது; ஒரு வண்டி அகலம்தான்; எதிரே வருவது தெரியாது. எந்தப் பலகையிலும் எழுதாத ஒரு சட்டம் அங்கே உண்டு. வெள்ளையடித்த கல்லருகே வண்டியை நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன் கொடுக்க வேண்டும். எதிரே வண்டி இருந்தால் பதிலுக்கு இரண்டு குட்டை ஹாரன் வரும். ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். பதில் இல்லை என்றால் போகலாம்.

கம்பவுண்டருக்கு எப்போதும் பதில் இல்லை.

சென்ற வருடம் ஒரு காலையில், பதில் இல்லாத அந்த வளைவுக்குள் அவர் வண்டியை விட்டபோது, ஒரு பால் லாரியின் முகம் முன்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பம்பர்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. லாரிக்காரர் இறங்கிவந்து நெடுநேரம் வாயசைத்தார். அதில் ஒரு சொல்லைக்கூட ஊகிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. “கவனிக்கல” என்று மனைவியிடம் சொன்னார். அன்றுமுதல் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதிரே ஹாரன் கேட்டால், அவளுடைய வலது பாதம் இல்லாத ஒரு பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும். ஒருமுறை பயந்துபோனவர்கள் செய்வதுதான். நான்கைந்து நாளில் அவர் அதைக் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு சாலையைப் பார்த்து ஓட்டியதைவிட அந்தச் செருப்பைப் பார்த்து ஓட்டியதே அதிகம்.

அவளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது பாதம் இருக்காது. டீக்கடை ஓரம் நிறுத்திக்கொண்டு, ஒன்பதேகால் பஸ் புறப்பட்டதும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்; மாலையில் அவளைக் கூட்டிவரப் போகும்போதும் இப்படி ஒரு பஸ்ஸின் பின்னால்தான். ஏதாவது ஆவதென்றால் முதலில் பஸ்ஸுக்குத்தான் ஆகும் என்பது கணக்கு. அதில் நாற்பது பேர் இருந்தார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. பஸ் வராத ஒரு நாள், மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வாடிக்கையாளரிடம் வண்டி மக்கர் பண்ணியதாகச் சொன்னார்.

இப்போது அந்த வேனே போய்விட்டது. அடித்தட்டில் இனி வெல்டிங் வைக்க இரும்பு மிச்சமில்லை. பிக்கப்பைப் பார்த்தவுடனே அவருக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. இரண்டே இருக்கைகள், நடுவே ஒரு கியர் கம்பு, வெறும் ரப்பர் விரித்த தரை. பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடம், ஓட்டுபவர் தலையைத் திருப்பாமலே பளிச்சென்று தெரிந்தது.

“என்னண்ணே சொல்லுது வண்டி?” என்றார் புரோக்கர். பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, அதை மரியாதையாகக் கையால் மறைத்தபடி பேசுகிறவர். கம்பவுண்டருக்கு அவர் முகத்தில் கண் மட்டும்தான் மிஞ்சியது.

“மூணாவது லேசா இருமுது. மத்தபடி நல்லாருக்கு. இதையே எடுத்துக்கலாம்.”

“இருமுறதோட தினம் மலையேறணுமா?” என்றாள் மனைவி. “ஏற்கெனவே வீட்ல ஒருத்தர் இருக்கார்.” சொல்லிவிட்டு எதிர்வரிசையைக் காட்டினாள். “அந்தப் பெருசைப் பாப்போம்.”

பெரியது கறுப்பாக, ஆள் உயரத்துக்கு நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஏறுவதற்கே ஒரு படி இருந்தது. புரோக்கர் பல்குச்சியைத் துப்பினார். விலை உயர்ந்த பொருளுக்கு அது அவர் செய்யும் மரியாதை போலும். “அண்ணி கண்ணு சரியான எடத்துலதான் போய் நிக்குது. ஆனை மாதிரி வண்டி. அஞ்சு வருஷம், ஒரே ஓனர்.”

“ஏர்பேக் இருக்கா?”

“ஆறு இருக்கு அண்ணி.”

“டிரைவருக்கு எத்தனை?”

“முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, மேல ஒண்ணு. அதே மாதிரி உங்க பக்கமும்...”

“அவர் பக்கம் சொன்னாப் போதும்.”

கம்பவுண்டர் குறுக்கே புகுந்தார். “எனக்கு சாமான் ஏத்தணும். பம்பைத் தூக்கி இந்த சீட்டு மேலயா வைப்பேன்?”

“பின் சீட்டை மடக்குங்கண்ணே. பம்பு என்ன, பம்போட ஓனரையே ஏத்தலாம்.”

மனைவி சிரித்தாள். சிரிப்பின்போதும் அவள் கை அந்தக் கறுப்புக் கதவின் கனத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். முதலில் கண்ணில் பட்டது நடுவிலிருந்த பெட்டிதான். இரு இருக்கைகளுக்கும் இடையே தொடை உயரத்துக்கு, தோல் போர்த்தி, முழங்கை வைத்துக்கொள்ள வாகாக அது நீண்டு கிடந்தது. அதற்கு அப்பால் பக்கத்து இருக்கையின் தரை என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. எட்டிப் பார்த்தார். முழங்கால் வைக்கும் இடம்வரைதான் தெரிந்தது. சீக்கிரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்ற அவசரத்தில் சாவியைத் திருகினார்.

விரல்களுக்குள் அரம் ஓடியதுபோல் ஒரு நடுக்கம். புரோக்கரின் தோள்கள் துள்ளின. அப்போதுதான் எஞ்சின் வேகம் காட்டும் முள் எழுந்து நிற்பதைக் கம்பவுண்டர் பார்த்தார். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஏசி குளிரட்டும் என்று புரோக்கர் எப்போதோ போட்டுவிட்டிருக்கிறார். ஓடும் எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் கொடுப்பது, வண்டி பழகும் முதல் வாரத்தில் செய்கிற தவறு.

“ஓடிட்டுத்தாண்ணே இருக்கு” என்றார் புரோக்கர். பிறகு அவருக்கே அதில் ஒரு விளம்பரம் தென்பட்டது. “பாத்தீங்களா அண்ணி, கம்பவுண்டரே ஏமாந்துட்டார். அவ்வளவு சைலன்ட்.”

கம்பவுண்டரும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“மலைக்கு விடுங்கண்ணே. ஏழாவது வளைவைத் தாண்டித் திருப்பிட்டு வந்துருவோம். அங்கதான் ஆனையோட பலம் தெரியும்.”

“மலை எதுக்கு, மார்க்கெட் பக்கம் போனாப் போதும்.”

“தினம் போகப்போறது மலைதானே” என்றாள் மனைவி. முன்கதவருகே ஒரு கணம் நின்றாள். அதற்குள் புரோக்கர், பொத்தான்களை விளக்க வேண்டும் என்று முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் பின்னால் ஏறினாள்.

முதல் ஆறு வளைவுகளும் அகலமானவை. அவற்றையே அவர் இரண்டாவது கியரில் ஏறினார். வண்டிக்குள் எதுவும் நடுங்கவில்லை. பழைய வேனில் ஸ்டியரிங்கும் இருக்கையும் முதுகுத்தண்டுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே வரும். இது பஞ்சுக்குள் உட்கார்த்திவைத்து உருட்டிவிட்டதுபோல் இருந்தது. உள்கண்ணாடியில் மனைவியின் முகம் நெற்றியிலிருந்து மூக்குவரை தெரிந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் புரோக்கர், புதிய பல்குச்சியோடு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ விளக்கினார். எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றார் கம்பவுண்டர்.

வெள்ளைக் கல் வந்தது. நிறுத்தினார். நீளமாக ஹாரனை அழுத்தினார். அது ஒலித்ததா என்றுகூட அவருக்கு நிச்சயமில்லை.

பாறை அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் ஒரு செடி ஆடியது. காற்றால் ஆடியதா, அப்பால் வரும் ஏதோ ஒன்றால் அதிர்ந்ததா? புரோக்கர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்திருந்தார். கண்ணாடியில் மனைவியின் கண்கள் இப்போது அவரையே பார்த்தன. அந்தக் கண்களிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவர் படித்ததெல்லாம் ஒரு பாதத்தைத்தான். பத்துவரை எண்ணினார். பதினொன்று. பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. அது ஹாரன் அடிக்கிறதோ என்னவோ. புரோக்கரின் கை முன்பக்கமாக ஒருமுறை வீசியது. போகலாம் என்கிறாரா? அவரிடமா, ஃபோனில் இருப்பவரிடமா? கம்பவுண்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. பின்னாலிருந்து வந்த கை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவேயுள்ள எலும்பைச் சரியாகக் கண்டுபிடித்து, ஐந்து விரல்களாலும் இறுக்கியது. அவர் பிரேக்கை மிதித்தார். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மர லாரி வெளியே வந்து, கறுப்பு வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசி மடக்கிவிட்டு, நிற்காமல் இறங்கிப் போனது. அடுக்கியிருந்த மரங்களின் வெட்டுமுகங்கள் ஒன்றொன்றாகச் சன்னலைக் கடந்தன. அவை கடந்து முடிந்த பிறகும் கை எடுபடவில்லை. சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு ஒரே ஒரு தட்டு தட்டியது. அவர் வளைவுக்குள் போனார்.

புரோக்கர் ஃபோனை மடியில் போட்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது. “நல்லவேளை நின்னீங்க. நான் ஃபோன்ல இருந்துட்டேன், ஹாரனைக் கவனிக்கவே இல்ல. கம்பவுண்டர் காதுன்னா சும்மாவா.”

வண்டி திருப்பும் அகலத்துக்கு வந்ததும், பக்கக் கண்ணாடியின் கீறலைப் பார்க்கிறேன் என்று புரோக்கர் இறங்கி, கீறலைப் பார்க்காமல் சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். மனைவி முன்னிருக்கைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். நேராகப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, அவர் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“என்னை விட்டுட்டுத் திரும்புறப்போ என்ன செய்றீங்க?” உதடுகள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்துவைத்தன.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “பஸ்ஸு பின்னாடி வருவேன்.”

“பஸ் இல்லாத அன்னைக்கு?”

“உக்காந்திருப்பேன்.”

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். “தினம் ‘வந்துட்டேன்’னு உங்க மெசேஜ் வர்ற வரைக்கும் நான் ஒரு எலும்பையும் ஒழுங்காப் படம் எடுத்ததில்ல. அசையாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுவேன். என் கைதான் ஆடும்.”

“அப்போ, அந்தக் காலு...” என்று தொடங்கினார். அது பயமா, தகவலா என்று கேட்க நினைத்தார். அவள் நடுப்பெட்டிக்கு அப்பால், அவருக்குத் தெரியாத தன் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் தெரியவில்லை. அவர் கேள்வியை முடிக்கவில்லை.

ஒளித்துவைத்திருந்தது வெளியே வந்துவிட்டால் பயம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. இத்தனை நாள் வண்டியில் ஒரு பயம் போய்வந்தது, இனி இரண்டு.

புரோக்கர் பின்னால் ஏறினார். குரலில் பழைய தெம்பு பாதி திரும்பியிருந்தது. “என்னண்ணே, முடிவு பண்ணியாச்சா? பெருசா, சின்னதா?”

கம்பவுண்டருக்கு அது கேட்கவில்லை. கேட்ட மனைவி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

திருப்பியதும், இறக்கத்தில் வண்டி தன் கனத்தாலேயே ஓடியது. வளைவின் இந்தப் பக்கமும் ஒரு வெள்ளைக் கல் உண்டு. நிறுத்தினார். நீளமாக ஹாரனை அழுத்தி, விட்டார். பாறை வாயைத் திறந்துகொண்டு நின்றது. பின்னாலிருந்த புரோக்கர் இம்முறை ஃபோனைத் தொடவில்லை.

மனைவி தன் வலது கையைத் தூக்கி, இருவருக்கும் நடுவே இருந்த பெட்டியின் மேல், அவர் பார்வை படும் இடத்தில், உள்ளங்கை கீழே இருக்குமாறு வைத்தாள். மெல்லிய நரம்புகள் ஓடிய அந்தக் கை தோலின் மேல் விரிந்து கிடந்தது. அது அழுத்தவும் இல்லை, தட்டவும் இல்லை. கம்பவுண்டர் பிரேக்கை மிதித்தபடி, கண் இமைக்காமல், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.