அரை அங்குலம்

அந்தப் பெண் போட்டிருந்த கோட்டைப் பார்த்ததும் தையல்காரிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

மலை விளிம்பில் கம்பி வேலி போட்டு, 'இங்கிருந்து இயற்கையை ரசிக்கவும்' என்று பலகை வைத்திருந்த இடம். ரசிக்கத்தான் ஒன்றுமில்லை. பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல் எங்கும் பனிமூட்டம். தையல் சங்கத்திலிருந்து சுற்றுலா வந்த நாற்பது பெண்களும் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று மாறி மாறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு எங்க வீட்டுச் சுண்ணாம்புச் சுவத்து முன்னாடியே நின்னிருக்கலாம்டி" என்றாள் பட்டன் அக்கா. பட்டன் துளை போடுவதில் சங்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயும் அப்படித்தான், எதிராளியைத் துளைத்துவிடும்.

வேலியோரம் வேகவைத்த சோளத்தைக் கடித்தபடி நின்ற பள்ளிக்கூடப் பெண்தான் அந்தக் கருநீலக் கோட்டைப் போட்டிருந்தாள். காலர் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒற்றைத் தையல். தன் கைப்பட்ட எல்லா உருப்படியிலும் தையல்காரி வைக்கிற அடையாளம்.

"அக்கா, அது நான் தைச்சது!"

"பாரேன், உன் துணி உனக்கு முன்னாடியே மலையேறிடுச்சு. உன்னைக் கூட்டிட்டு வரத்தான் உன் வீட்டுக்காரருக்கு மனசு வரல."

அக்கா சொன்னதில் பொய்யில்லை. தையல்காரியின் புருஷன் பம்புசெட் கம்பெனியின் விற்பனை ஆள். மாதத்தில் நான்கு நாள் இந்த மலையில்தான் அவனுக்கு லைன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை அழைத்து வந்ததில்லை. கேட்டால், "குளிரு உனக்கு ஒத்துக்காது. கொண்டை ஊசி வளைவுல குடலே வெளிய வந்துடும்" என்பான். சங்கம் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தபோது, "வேற ஊரே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தான். கிளம்புவதற்கு முதல் நாள் காய்ச்சலில் படுத்து, போர்வைக்குள்ளிருந்தே, "என்னை இப்படிப் போட்டுட்டுப் போகணுமா?" என்றான். மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். அவன் பேச்சை மீறியது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

இந்தக் கோட்டு மலைப் பக்கத்து டீலரின் மகளுக்கு என்று தைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை புருஷன் துண்டுச்சீட்டில் அளவு எழுதிக்கொண்டு வருவான். முதல் சீட்டு வந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. இப்போது பத்துச் சீட்டுகள், தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருந்தாள். பிள்ளையில்லாத வீட்டில் அந்த எண்கள்தான் வளர்ந்தன. உயரம் இரண்டு அங்குலம் கூடினால் அவளுக்குப் பூரிப்பு. ஒரு வருஷம் அரை அங்குலம்தான் கூடியிருந்தது. "அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதான்னு கேளுங்க" என்று ஒரு வாரம் அவனைப் பிடுங்கி எடுத்தாள்.

சீட்டில் ஒரு கோளாறு மட்டும் மாறவே இல்லை. இடது தோள் அரை அங்குலம் இறக்கம். "டேப்பைக் கோணலாப் பிடிச்சிருக்கீங்க. வருஷா வருஷம் அதே தப்பா?" என்று கேலி செய்வாள். அவளே திருத்தி, இரண்டு தோளையும் சமமாக வெட்டிவிடுவாள்.

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பெண்ணிடம் போனாள்.

"பாப்பா, கோட்டு அழகா இருக்கே. யாரு வாங்கிக் குடுத்தா?"

"எங்கப்பா. அவங்க ஊர்ல ஒரு டெய்லர்கிட்ட தைச்சு எடுத்துட்டு வருவாரு."

அவங்க ஊர். டீலருக்கு இந்த ஊர்தானே?

"ஆனா ஆன்ட்டி, எத்தனை கோட்டு வந்தாலும் இந்தப் பக்கம் மட்டும் புடைச்சுக்கும். அந்த டெய்லருக்குத் தைக்கத் தெரியல."

அவள் பார்த்தாள். வாய்ச் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் அளவெடுத்தது. பெண்ணின் இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. அரை அங்குலம். டேப் தேவைப்படவில்லை. பதினாறு வருஷமாகப் புருஷன் சட்டைகளில், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாக வெட்டுகிற இறக்கம்.

"எங்கப்பாவுக்கும் தோள் இப்படித்தான்" என்றாள் பெண், சோளத்தைக் கடித்துக்கொண்டே. "ஆனா அவரு சட்டை மட்டும் எப்படித்தான் கச்சிதமா உட்காருதோ!"

தையல்காரி வேலிக் கம்பியைப் பிடித்தாள். ஈரம் சில்லென்று உள்ளங்கையில் ஏறியது. வெளியே வந்த குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

"அப்பா... வரலியா இந்த வாரம்?"

"காய்ச்சலாம். காலையில போன் பண்ணாரு. இந்த வாரம் இந்தப் பக்கமே போகாதேன்னு ஒரே பிடிவாதம். கேட்டா, குளிரு உனக்கு ஒத்துக்காதாம். இங்கயே பொறந்தவளைப் போய்!" பெண் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் லேசாக முன்னால் நின்றது.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "ஏய், பனியிலயே கரைஞ்சிடாதடி, வா!" என்று பட்டன் அக்கா கத்தினாள்.

தையல்காரி நகரவில்லை. கை தானாகப் பைக்குள் போய் ஊசி டப்பாவை எடுத்தது. நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முதல் ஊசி. இரண்டாவது. புடைப்பு அடங்கியது. மூன்றாவது.

பெண் குனிந்து தோளைப் பார்த்தாள். "அட, சரியாயிடுச்சே! நீங்களும் டெய்லரா?" சட்டென்று ஏதோ தோன்றியவள்போல நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமா?"

பனி விலகி, கீழே எங்கோ ஒரு தகரக் கூரை பளிச்சென்று தெரிந்து மறைந்தது. தோள் சரியாக உட்கார்ந்துவிட்டது, மூன்று ஊசியே போதும். பெண் பதிலுக்குக் காத்திருந்தும் நான்காவதை அவள் உதட்டிலிருந்து எடுக்கவில்லை.