கப்பல் போன காலையில் துவைத்த சட்டை

"அந்தச் சட்டையைக் கொடியிலேருந்து எடுக்கிறியா, இல்ல நான் வந்து கொடியையே அறுக்கட்டுமா?"

"எதுக்கு எடுக்கணும் அத்தை? அழுக்காக் கெடந்துச்சு, துவைச்சேன். உங்க ஊர்ல அது குத்தமா?"

"இன்னிக்குத் துவைச்சா குத்தம்தான்டி. வீட்டு ஆம்பளை கப்பல் ஏறின அன்னிக்கு எவளாவது துணி அலசுவாளா? அலசினா கடல் ஆளையே அலசிட்டுப் போயிடும். உங்க லீட்ஸ்ல இதெல்லாம் யாரும் சொல்லித் தர மாட்டாங்களோ?"

இந்த இடத்தில்தான் நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அதற்கு முன் திரைக்குப் பின்னால் நின்று கேட்டதெல்லாம் கணக்கில் சேராது. இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்தில் எங்கள் ஹெஸில் ரோட்டுச் சந்துகள் அப்படி. எதிர் வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் கைக்குட்டை தேடுவோம்.

கத்திக்கொண்டிருந்தவள் ஹில்டா ஹார்க்கர். எங்கள் சந்தின் முடிசூடாத மகாராணி. புருஷனை ஐஸ்லாந்துப் பக்கம் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒரே மகன், டெரிக். அவன் அன்று விடியற்காலை டாக்ஸி ஏறி 'லார்க்ஸ்பர்' என்ற மீன்பிடிக் கப்பலுக்குப் போயிருந்தான். கொடியில் தொங்கியது அவன் சட்டை. துவைத்தவள் தெல்மா, அவனுக்கு நிச்சயித்த பெண். வருங்கால மாமியாரையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டுப் போகக் கடலில்லாத லீட்ஸிலிருந்து வந்தவள். முந்தின நாள் டெரிக் அவளைக் கூட்டிப்போய்க் கப்பலைக் காட்டினான். திரும்பி வரும்போது அவள் முகம் வெளிறியிருந்தது. மீன் நாற்றம் தாங்கவில்லை போல என்று நினைத்தேன். என் ஊகங்கள் தப்புவது அபூர்வம். அது தப்பியது.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். டெரிக்…" என்று தெல்மா ஆரம்பித்தாள்.

"அவன் பேரைச் சொல்லாத. வாயை மூடிக்கிட்டு உள்ள போ."

ஈரச் சட்டையை ஹில்டாவே பிடுங்கி அடுப்பில் போட்டாள். புகை சந்து முழுக்க அடித்தது.

அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கப் டீ கொடுத்தவள் ஹில்டாவின் எதிர் வீட்டு லில் மட்டும்தான். அவள் புருஷன் ஸ்டானும் அதே கப்பலில்தான் போயிருந்தான், அதுவும் திட்டமில்லாமல். இரண்டு நாள் முன்புதான் வேறொரு கப்பலிலிருந்து இறங்கியவன். கூட்டாளிகளிடம் அரட்டை அடிக்கக் கப்பல்கள் நிற்கும் டாக் பக்கம் போனான். லார்க்ஸ்பர் கரையை உரசிக்கொண்டு டாக் வாசல் மதகைத் தாண்டும் நேரத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று கூவினார்களாம். இவன் போட்டிருந்த சூட்டோடு தாவிவிட்டான். கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் வந்து லில்லிடம் இதைச் சொல்லிச் சிரித்தான். யார் வரவில்லை என்று அவன் சொல்லவில்லை. லில்லும் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கப்பலைத் தவறவிடுகிறவனுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்.

வியாழக்கிழமை காற்று பிடித்தது. புகைபோக்கிகள் ஊளையிட்டன. கப்பல்காரர்கள் தங்களுக்குள் பேசுவதை என் வீட்டு ரேடியோ பிடிக்கும். அதனால் இப்படிப்பட்ட நாட்களில் சந்தே என் அடுப்படிக்கு வந்துவிடும். நாற்காலி போதாது. கப்பல்கள் ஒவ்வொன்றாக இருக்கும் இடத்தைச் சொல்லின. லார்க்ஸ்பரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். இரைச்சல்தான் கேட்டது.

ஹில்டாவின் கையை லில் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கப்பல், ஒரே பயம். தெல்மா கதவோரம் நின்றாள்.

"போதுமாடி?" என்றாள் ஹில்டா, குரலே எழும்பாமல். "அலசி விட்டுட்டல்ல எம்புள்ளைய?"

"அந்தப் பொண்ணை விடு ஹில்டா," என்றாள் லில். "என் ஸ்டானும் அதுலதானே இருக்கான். நான் யாரைத் திட்டறேன்?"

தெல்மா கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "டெரிக் அதுல இல்ல அத்தை. நாங்க பேசி வெச்சபடி மதகுகிட்ட இறங்கிட்டாரு. லீட்ஸ்ல எங்க சித்தி வீட்டுல இருக்காரு. நான்தான் போகாதீங்கன்னு அழுதேன். அந்தக் கப்பலைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. போகாதவரோட சட்டைதானேன்னு துவைச்சேன். உங்ககிட்ட அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல."

ஹில்டா மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் இரத்தம் திரும்புவதைப் பார்த்தேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அந்த முகம் முழுக்க எழுதியிருந்தது. எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கலாம்.

லில் எல்லாவற்றையும் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"மதகுகிட்டயா இறங்கினான்?"

"ஆமாக்கா."

"அங்கதான் ஸ்டான் ஏறினான்."

ரேடியோ மட்டும் இரைந்தது. லில் தன் கையை ஹில்டாவின் கைக்குள்ளிருந்து விரல் விரலாக எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, லார்க்ஸ்பரை மறுபடி கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமையும் பதில் இல்லை. ஹில்டா சாப்பிடவில்லை. சர்ச்சுக்கு அவ்வளவாகப் போகாதவள், அன்று இரண்டு தடவை போனாள். தன் மகன் தப்பினதற்கு நன்றி சொல்லவா, ஸ்டானுக்காகக் கெஞ்சவா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை, என்னாலேயே. சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு லில் கதவைத் தட்டினாள்.

"உன் புள்ள நல்லாருக்கான்ல," என்றாள் லில். "போய் அவனுக்கு ஊத்து."

கதவு சாத்திக்கொண்டது. ஹில்டா சூப்போடு நடுச்சந்தில் நின்றாள்.

சனிக்கிழமை மதியம் லார்க்ஸ்பரின் குரல் வந்தது. பனிக்கட்டி ஏறி ரேடியோக் கம்பி முறிந்து, வடகடலில் ஃபேரோ தீவுகளின் மறைவில் ஒதுங்கிக் கம்பியைச் சரிசெய்தார்களாம். எல்லோரும் பத்திரம். என் அடுப்படியில் அழாத ஆள் இல்லை. ஹில்டா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லில்லை நோக்கி எழுந்தாள். லில் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ஸ்டான் வந்து சேர்ந்தபோது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பய பயந்துட்டான். நானும் பயந்திருக்கேன், இறங்கத்தான் தெரியல" என்றான். லில்லுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டெரிக்கும் தெல்மாவும் ஜூன் மாதம் லீட்ஸில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கள் சந்திலிருந்து ஸ்டான் ஒருவன்தான் போனான். லில் போகவில்லை, போகாதே என்று அவனைத் தடுக்கவும் இல்லை. டெரிக்குக்கு பஸ் டிப்போவில் வேலை. எதிர் வீட்டு மௌனத்தை ஹில்டா கோடை முடியும் வரை தாங்கினாள். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போனாள். அங்கே மருமகளும் அவளும் துணி துவைப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறார்களாம், ஸ்டான் சொன்னது. ஹில்டாவின் பழைய வீட்டுக்கு க்ரிம்ஸ்பியிலிருந்து ஒரு தச்சன் குடும்பம் வந்திருக்கிறது. கடலுக்குப் போகாதவர்கள். லில் அவர்களிடம் நன்றாகவே பேசுகிறாள்.